இரண்டாம் நாள் டப்பா

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை எழுதுகிறவர்கள் பொய்யைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு கொஞ்சல் வந்துவிடும். அந்தக் கொஞ்சல் இங்கே வேண்டாம். 1979 தை மாதம், ஒரு காலை நேரத்தில், உத்திரமேரூர் ஏரிக்கரைக்கு அப்பால் இருந்த ஒரு காலனியில், ஒரு பெண்ணிடம் நான் சொன்ன சாதாரணப் பொய் அது. "நல்லா இருந்தது" என்று சொன்னேன். அவ்வளவுதான். சொல்வதற்கு ஒரு நொடி பிடித்திருக்கும். அதை எழுத ஒன்பது வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

என் பெயர் தாண்டவராயன். உத்திரமேரூரில் நிலம் வைத்திருக்கும் குடும்பம். வேதியியல் படித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தவனுக்கு, சென்னையிலிருந்து வந்த ஓர் ஊட்டச்சத்து ஆய்வுக் குழுவில் உதவியாளன் வேலை கிடைத்தது. நெல் மண்டி ஒன்றின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்து ஆய்வுக்கூடமாக்கியிருந்தார்கள். சுற்றுவட்டாரக் குழந்தைகளுக்கு மாலைக்கண் அதிகம். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவி நடப்பார்கள். அந்தக் குழந்தைகளின் இரத்தத்தில் வைட்டமின் ஏ எவ்வளவு, தின்னும் சோற்றில் எவ்வளவு என்று அளக்க வேண்டும். இரண்டிலும் குறைவாக இருக்கும் ஊர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு கரண்டி வைட்டமின் மருந்து. அதற்கான பட்டியல் எங்கள் அளவைப் பார்த்துத்தான் தயாராகும்.

(காலனியின் பெயரை எழுதப் போவதில்லை. மற்ற பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், என் பெயரைத் தவிர. அதை மாற்றினால் தப்பித்துவிடுவேன்.)

2

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பல முறை தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: "அந்த வருடம் ஏரி கலங்கல் வழிய நிரம்பியிருந்தது. கரையோரம் நாரைகள்"

இல்லை. ஏரி நிரம்பியிருந்தது உண்மை. நாரைகளும் இருந்திருக்கும். ஆனால் நான் அன்று நாரைகளைப் பார்க்கவில்லை. சைக்கிளில் மாட்டியிருந்த காக்கிப் பையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன், அதற்குள் இருப்பது வெளியே தெரிகிறதா என்று.

இரண்டாம் தொடக்கம்: "உலகத்திலேயே மிகக் குறைந்த ஆயுள் கொண்ட நிறம் எது தெரியுமா?"

இதுவும் வேண்டாம். கேள்வி கேட்டு வாசகரை இழுப்பது சந்தைக்கடைப் பழக்கம். ஆனால் அந்த நிறத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தையின் கையிலிருந்து எடுத்த இரத்தத்தைத் தெளிய வைத்து, மேலே நிற்கும் மஞ்சள் நீரை மட்டும் பிரித்து, சாராயமும் பெட்ரோலிய ஈதரும் விட்டுக் குலுக்கினால் வைட்டமின் ஈதருக்குள் ஏறிவிடும். ஈதரை ஆவியாக்கிவிட்டு, அடியில் மிஞ்சுவதைக் குளோரோஃபார்மில் கரைப்போம். அதன்மேல் ஆன்டிமனி உப்புக் கரைசலை விட்டதும் பளிச்சென்று நீலம் வரும். வைட்டமின் எவ்வளவோ அவ்வளவு நீலம். ஐந்து நொடிக்குள், நிறத்தை அளக்கும் கலரிமீட்டரின் ஊசி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அதற்குள் பார்க்காவிட்டால் நிறம் வெளுத்துவிடும், குழந்தையிடம் இன்னொரு முறை இரத்தம் கேட்கத்தான் போக வேண்டும்.

வெளிச்சம் பட்டால் இந்த வைட்டமின் அழியும். அதனால் ஜன்னலில் பழுப்புத் தாள் ஒட்டி, குழாய்களைக் கருப்புத் தாளில் சுற்றி, அரையிருட்டில் வேலை செய்தோம். ஈரம் பட்டால் கரைசல் கலங்கும். மின்சாரம் தாழ்ந்தால் ஊசி ஆடும். இத்தனைக்கும் நடுவே என் கை சரியாக ஓடியது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கை சரியாக ஓடியதுதான் பின்னால் எனக்கு வினையாகிறது.

3

இரத்தத்தைவிடச் சோற்றை அளப்பது கஷ்டம். எந்தத் தாயிடமும் "உன் குழந்தை நேற்று என்ன சாப்பிட்டது" என்று கேட்டால் உண்மை வராது. அவளுக்கே ஞாபகம் இருக்காது, இருந்தாலும் சொல்லக் கூசும். அதற்காக ஒரு முறை வைத்திருந்தார்கள். தாளில் அதற்கு நீளமான பெயர், நாங்கள் "டப்பா எடுப்பது" என்போம். காலையில் வீட்டுக்கு ஓர் எவர்சில்வர் டப்பா கொடுப்போம். குழந்தையின் தட்டில் எதை, எவ்வளவு போடுகிறார்களோ, அதையே அதே அளவு டப்பாவிலும் போட வேண்டும். ஒரு வாய் கூழ் என்றால் டப்பாவிலும் ஒரு வாய் கூழ். மாலையில் வந்து எடுத்துப் போவோம். தொடர்ந்து மூன்று நாள்.

டப்பாவில் போகும் சோற்றுக்கு ஈடாக முன்கூட்டியே அரிசி கொடுத்தோம். குழம்புக்கும் கீரைக்கும் ஈடு தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எடுத்து வந்ததை அரைத்து, காரக் கரைசல் விட்டுக் கொதிக்க வைத்து, ஈதரில் பிரித்து, அலுமினாத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் விடுவோம். மஞ்சள் பட்டையொன்று மெல்ல இறங்கும். கீரையிலும் காயிலும் இருக்கும் சத்து அந்த மஞ்சள். அரைத்தபின் அது சோறு இல்லை, மாதிரி. அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் வெளியூர்க்காரருக்குக் கதை புரியாது. எங்கள் தெருவிலிருந்து காலனிக்குப் போகிறவர்கள் உண்டு, ஆள் கூப்பிட. காலனியிலிருந்து எங்கள் வயலுக்கு வருகிறவர்கள் உண்டு. ஆனால் காலனி வீட்டில் ஆக்கிய சோற்றை எங்கள் தெருக்காரன் ஒருவன் கையால் வாங்கி எடுத்துப்போனது என் அறிவுக்கு எட்டிய வரை அதுதான் முதல் முறை. என் அம்மாவிடம் பையில் இரத்தம் இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். கிணற்றடியில் குளித்துவிட்டு உள்ளே வா என்றாள், அத்தோடு விட்டுவிட்டாள். இரத்தத்தைப் பொறுத்துக்கொண்டாள். சோறு என்று சொல்லியிருந்தால் அந்த வேலையே எனக்கு இருந்திருக்காது.

* எங்கள் வீட்டில் இதை இப்போது படித்துக்காட்ட முடியுமா என்று யோசித்தேன். அம்மா போய்விட்டாள். அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன், இதில் வீரம் ஒன்றும் இல்லை.

4

பதினொன்றாம் எண் டப்பா ஞானசுந்தரியின் வீட்டுக்கு. அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். புருஷன் வேதகிரி நடவு, அறுப்பு என்று வேலை கிடைத்த பக்கம் போகிறவன். ஒரே பெண், அம்முலு, நான்கு வயது. வெள்ளை விழியின் ஓரத்தில் சோப்பு நுரை ஒட்டியதுபோல ஒரு திட்டு இருந்தது. மாலைக்கண்ணுக்கு அடுத்த படி அது.

முதல் நாள் டப்பாவில் கேழ்வரகுக் கூழும், கொஞ்சம் சோறும், தண்ணீராக இருந்த கருவாட்டுக் குழம்பும் இருந்தன.

இரண்டாம் நாள் காலை டப்பாவை நீட்டியபோது அவள் உடனே வாங்கவில்லை.

"ஒண்ணு கேக்கறன், தப்பா நெனச்சிக்காதீங்க சார். எங்க வூட்டு சோத்த இன்னா பண்றீங்க? அரச்சி கொதிக்க வச்சி ஊத்திடறீங்கன்னு சொல்றாங்களே, நெசமா?"

[இந்த இடத்தில் எனக்கு ஞானசுந்தரி என்ற பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. முந்தைய வரைவுகளில் அவளை ஒன்றும் அறியாதவளாக எழுதியிருந்தேன். வெகுளியான தாய், படித்த ஆள் சொன்னதை நம்பினாள் என்று. அப்படி எழுதினால் வாசகருக்கு அவள்மேல் இரக்கம் வரும், எனக்கும் வசதி. ஆனால் அவள் வெகுளி இல்லை. விசாரித்துவிட்டுத்தான் கேட்டாள். உண்மையை முகத்துக்கு நேராக வைத்துக் கேட்டவளிடம் நான் இல்லை என்றேன்.]

ஆம், இல்லை என்றேன். சோற்றை அரைத்து ஊற்றுகிறோம் என்று ஒரு தாயிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கூச்சம் உண்மையானது, அதை நான் மறுக்க மாட்டேன்.

"அப்ப யாரு துன்றது?"

"நாங்கதான். நல்லா இருந்தது."

அவள் முகம் மாறியதை எழுத இரண்டு பக்கம் செலவழித்து அடித்துவிட்டேன். சந்தோஷம் என்று எழுதினால் குறைவாகிறது, வெட்கம் என்று எழுதினால் தவறாகிறது. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினாள். நேற்று ஒன்றும் சரியாக ஆக்கவில்லை, தெரிந்திருந்தால் நன்றாகச் செய்திருப்பேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

5

இரண்டாம் நாள் டப்பாவில் முருங்கைக்கீரைப் பொரியல் இருந்தது. ஒரு முழு முட்டையும்.

அந்தக் காலனியில் பதினெட்டு வீட்டில் டப்பா எடுத்தோம். இரண்டாம் நாளிலிருந்து பதினெட்டிலும் ஏதாவது ஒன்று கூடியிருந்தது. ஒரு வீட்டில் பறங்கிக்காய், ஒரு வீட்டில் ஏரி மீன், ஒரு வீட்டில் நெய் வாசம். ஞானசுந்தரி எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டும்: அவங்க துன்றாங்களாம், ஊர் ஆளுங்க.

மூன்றாம் நாள் நான் வழக்கத்தைவிட முன்னாலேயே போனேன். மின்சாரம் மாலையில் நிற்கும் என்று தகவல் வந்ததால் டப்பாக்களை நடுப்பகலில் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். ஞானசுந்தரியின் வீட்டுக்குள் அம்முலு தட்டை மடியில் வைத்துக்கொண்டு கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். கூழும் ஒரு துண்டு வெங்காயமும். பக்கத்தில் பதினொன்றாம் எண் டப்பா திறந்திருந்தது. அதில் சோறு, கீரை, பாதியாக நறுக்கி மேலே அடுக்கிய முட்டை. குழந்தை டப்பாவைப் பார்த்துக்கொண்டே கூழைக் குடித்தது. கை நீட்டவில்லை. நீட்டக் கூடாது என்று சொல்லி வைத்திருப்பாள்.

வெளியே கோழிக்கூண்டு காலியாக இருந்தது. டப்பாவுக்குப் போனவை அடைக்கு வைத்திருந்த முட்டைகள் என்று பின்னால் தெரிந்தது.

அப்போதே புரிந்துவிட்டது எனக்கு. தட்டில் ஒன்று, டப்பாவில் ஒன்று. ஞானசுந்தரி டப்பாவின் மூடியை அழுத்தி மூடி என்னிடம் கொடுத்தாள். "இன்னிக்கி உப்பு செரியா கீதான்னு பாத்து சொல்லுங்க சார்" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

6

அம்முலுவின் அளவுகள், எல்லாம் மைக்ரோகிராமில், எனக்கு மனப்பாடம். முதல் நாள் டப்பா: நாற்பதுக்கும் கீழே. இரண்டாம் நாள்: நானூற்றுப் பத்து. மூன்றாம் நாள்: நானூற்று அறுபது. நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு முந்நூறு போதும். ஆனால் அவள் இரத்தத்தில் நூறு மில்லிக்கு ஒன்பது. இருபதுக்குக் கீழே என்றால் குறைவு. பத்துக்குக் கீழே என்றால் கண்ணுக்கு ஆபத்து.

குழுவின் தலைவர் டாக்டர் பாண்டுரங்கன். நல்ல மனிதர், அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மற்ற ஊர்களில் எல்லாம் சோறும் இரத்தமும் ஒத்துப்போயின. இந்த ஒரு காலனியில்தான் சோறு மேலே, இரத்தம் கீழே.

"தாண்டவராயன், ரத்தம் ஒண்ணு சொல்லுது, சோறு ஒண்ணு சொல்லுது. எதை நம்பறது?"

தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"டப்பால போட்டதுதானே குழந்தைக்கும் போட்டாங்க? நீங்கதானே போய் எடுத்தீங்க?"

அறையில் இன்னொருவரும் இருந்தார், குழுவின் எழுத்தர் கன்னியப்பன். என் தெரு. எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு. உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும்: ஏன் அப்படிச் செய்தார்கள்? நான் சாப்பிட்டதாகச் சொன்னேன், அதனால் செய்தார்கள். காலனிச் சோற்றைத் தாண்டவராயன் சாப்பிட்டானாம் என்ற சேதி அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போயிருக்கும். சாப்பிடவில்லை, சாப்பிட்டதாகப் பொய்தான் சொன்னேன் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லவா முடியும்? என் தங்கையை அப்போது பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஆமா சார்" என்றேன்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். அப்படியென்றால் இரத்தத்தில்தான் பிழை என்றார். கரைசலில் ஈரம் ஏறியிருக்கலாம், குழாய்களில் வெளிச்சம் பட்டிருக்கலாம், ஊசி ஆடியிருக்கலாம். மறுபடி இரத்தம் எடுக்கத் தாய்மார்கள் சம்மதிக்கவில்லை, இருந்ததைக் கொண்டு முடிவு செய்தார். முதல் நாள் சோற்றுக் கணக்கு மட்டும் தனியாகக் குறைந்து நின்றதால் அதையும் ஒதுக்கச் சொன்னார். பதினெட்டுக் குழந்தைகளின் இரத்த அளவுக்கு நேராக "ஐயத்துக்குரியது" என்று என் கையாலேயே எழுதினேன்.

அந்த ஒன்பது சரியான ஒன்பது. நீலம் வந்த அந்த ஐந்து நொடியும் என் கண் ஊசியை விட்டு அகலவில்லை. நான் வாழ்க்கையில் பிழையில்லாமல் செய்த சில வேலைகளில் அது ஒன்று. அதைத்தான் பிழை என்று ஒப்புக்கொண்டேன்.

7

சித்திரையில் மருந்து கொடுத்தார்கள். சுற்றிலும் பதினான்கு ஊர். பட்டியலில் அந்தக் காலனி இல்லை, அங்கே சோறு நன்றாக இருந்தது அல்லவா.

ஆடியில் அங்கே தட்டம்மை வந்தது. சத்து இல்லாத உடம்பில் அம்மை நேராகக் கண்ணுக்குப் போகும். காலனியில் நான்கு குழந்தைகளுக்குக் கண் கெட்டது. அம்முலுவுக்கு இடது கண்ணில் பூ விழுந்தது. வலது கண் தப்பியது.

மருந்து கொடுத்திருந்தால் அந்தக் கண் நிச்சயம் பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. சில குழந்தைகளுக்குக் கொடுத்தும் போயிருக்கிறது. இரத்தத்தில் எவ்வளவு, சோற்றில் எவ்வளவு என்று அளக்க முறை இருக்கிறது. ஒரு கண் போனதில் என் பங்கு எவ்வளவு என்று அளக்க எந்த முறையும் எனக்குத் தெரியவில்லை. பல வருடம் இந்த வாதத்தில் ஒளிந்துகொண்டிருந்தேன். இப்போதும் இந்தப் பத்தியை எழுதும்போது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. அதனால் இதை நீங்கள் சந்தேகத்தோடு படிக்க வேண்டும்.

8

முடிவுக்கு வந்துவிட்டேன். அதாவது, முடிவுகளுக்கு.

முதல் முடிவு. மண்டியின் பின்கட்டில் டாக்டர் கேட்கிறார், "டப்பால போட்டதுதானே குழந்தைக்கும் போட்டாங்க?" தாண்டவராயன் கன்னியப்பனைப் பார்க்கிறான். பிறகு சொல்கிறான், "இல்ல சார். நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்." கன்னியப்பனின் பேனா நிற்கிறது

நான்கு பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. தெரு என்னை ஒதுக்குவது, தங்கை கல்யாணம் தள்ளிப்போவது, சித்திரையில் அம்முலு வாயைத் திறந்து கரண்டி மருந்தை வாங்கிக்கொள்வது. கடைசி வரியில் எனக்கே கண் கலங்கியது. மறுநாள் காலை படித்துப் பார்த்தபோது அது என்னவென்று தெரிந்தது. பாதியாக நறுக்கி மேலே அடுக்கிய முட்டை அது. உங்களுக்காக எடுத்து வைத்தது. கிழித்துப் போட்டேன்.

இரண்டாம் முடிவு. ஒன்பது வருடம் கழித்து அவன் ஞானசுந்தரியைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொல்கிறான். அவள் அழுகிறாள், பிறகு

பிறகு என்ன? மன்னிக்கிறாளா? திட்டுகிறாளா? இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இதைச் சொன்னால் என் பாரம் குறையும். ஆனால் ஞானசுந்தரிக்கு இன்றுவரை தெரிந்தது இவ்வளவுதான்: அம்மை வந்தது, கண் போனது, விதி. நான் வாயைத் திறந்தால் அவளுக்குத் தெரியப்போவது வேறு. குழந்தையின் வாயிலிருந்து எடுத்து ஊர்க்காரனின் டப்பாவில் போட்டாள், அதை யாரும் தின்னவில்லை, அந்த டப்பாவைப் பார்த்துத்தான் அவள் பெண்ணுக்கு மருந்து வராமல் போனது. பொய் என்னுடையது. ஆனால் அவள் தன் கையைத்தான் பார்ப்பாள், எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். சொல்லாமல் இருந்தால் நான் கோழை. சொன்னால் அவள் தலையில் இறக்கி வைக்கிறவன். சொல்ல வேண்டியது அவளுக்கு உரிய உண்மை என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. அவளுக்கு என்ன தாங்கும் என்று முடிவு செய்ய நான் யார்? சோற்றை அரைக்கிறோம் என்பதைத் தாங்கமாட்டாள் என்று முடிவு செய்துதானே அன்று தொடங்கினேன்.

9

போன மாதம் போனேன்.

செங்கல்பட்டு பஸ்ஸில் இறங்கி ஏரிக்கரை மேலே நடந்தேன். வழி முழுக்க முதல் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனேன். அவள் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். வேதகிரி வேலைக்குப் போயிருந்தான். கோழிக்கூண்டு நிறைந்திருந்தது. அம்முலுவுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு, கணக்கில் கெட்டிக்காரி என்று அம்மா சொன்னாள். அந்தப் பெண் பேசுகிறவருக்கு வலது பக்கத்தைக் காட்டியே உட்காருகிறாள். வெள்ளையாகிப்போன இடது கண்ணை மறைப்பதற்கு இல்லை, பார்ப்பதற்கு என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஒரு விஷயம் பேச வேண்டும் என்று ஆரம்பித்தேன். ஞானசுந்தரி கேட்கவில்லை. முதலில் சாப்பிடுங்கள், அப்புறம் பேசலாம் என்றாள். வேண்டாம் என்றேன்.

"இன்னா சார் புச்சா வேணாங்கிறீங்க? அன்னிக்கி மூணு நாளு எங்க வூட்டு சோறு துன்னீங்களே. நல்லா இருந்துச்சின்னு சொன்னீங்களே. ஊர்க்காரங்க ஒருத்தரும் சொன்னதில்ல சார், நீங்க ஒருத்தர்தான். இத்தினி வருசமா நான் சொல்லிக்கினு கீறன்."

தட்டு வந்தது. எவர்சில்வர் தட்டு, நன்றாகத் தேய்த்தது. சோறு, குழம்பு, முருங்கைக்கீரை. மேலே பாதியாக நறுக்கிய முட்டை.

எதிரே அம்முலுவும் தட்டோடு உட்கார்ந்தாள். அவள் தட்டில் சோறும் குழம்பும். நான் பார்ப்பதை அவள் வலது கண்ணால் பார்த்துவிட்டாள்.

"எனக்கு முட்ட புடிக்காது சார்" என்றாள்.

10

இங்கே நிறுத்துகிறேன்.

ஒரு மாதமாக இந்தத் தட்டின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். அன்று நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும், மறந்துவிடவில்லை. சாப்பிட்டேனா, சாப்பிட்டால் ஒன்பது வருடத்துப் பொய் உண்மையாகிவிடும் என்று நினைத்தேனா, முட்டையை எடுத்து அம்முலுவின் தட்டில் வைத்தேனா, தட்டைத் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேனா, சொல்லாமல் எழுந்து பஸ் ஏறினேனா. எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஒவ்வொன்றையும் எழுதியும் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நான் கொஞ்சம் நல்லவனாக வருகிறேன். கோழையாக எழுதியதில்கூட அழகாகத் துக்கப்படும் கோழையாக வருகிறேன்.

டப்பாவில் போடத் தெரிந்தவன் நான். அதனால் என்னிடம் முடிவை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

அந்த அறையில் உங்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. என் பக்கத்திலோ, ஞானசுந்தரி பக்கத்திலோ உட்காரலாம். அவள் கை கழுவத் தண்ணீர் ஊற்றிவிட்டு, உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். செய்வதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் தட்டைப் பார்க்க வேண்டாம், எதிரே இருக்கும் அம்முலுவின் தட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.